இரவு ஏழு மணிக்கு 170 வோல்ற்று: கோடையில் எங்கள் பக்கக் கரண்டுக்கு என்ன நடக்கிறது?

குளக்கட்டு:
சித்திரை வெயில் தொடங்கினால் போதும், வன்னியில் எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஃபான் சுற்றுகிறதா, இல்லையா என்று நின்று பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஸ்ரெபிலைசரில் 170 காட்டும், சில நேரம் அதற்கும் கீழே போய் "கடக்" என்று தானே நிற்பாட்டிவிடும். தண்ணீர் மோட்டர் போட்டால் உறுமும், சுற்றாது. ஏற்கெனவே ஒன்றுக்குக் கோயில் கட்டினது போல் செலவழித்துக் கம்பி சுற்றியாச்சு. ஆனால் மெயின் றோட்டில் கடை வைத்திருக்கிற மச்சானுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அவனுக்கு 225. செய்தியில் போதிய மின்சாரம் இருக்கிறது, மின்வெட்டு வராது என்கிறார்கள். எனக்கு விளங்காதது இதுதான்: நாட்டில் கரண்ட் காணாமல் இது நடக்கிறதா, எங்கள் லைனில் பிழையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. "மின்சார சபைக்கு போன் பண்ணுங்கோ" என்று மட்டும் சொல்லவேண்டாம், பண்ணியாச்சு.

நெடுங்கேணித் தம்பி:
இதில் விளங்க என்ன அண்ணை இருக்கு? கொழும்பில் எல்லா ஒபிசும் ஏசி போடும், மிஞ்சினதுதான் எங்களுக்கு. மன்னாரில் காற்றாடி நட்டு எடுக்கிற கரண்டும் அங்கேதான் போகுது.

பழைய லைன்மன்:
தம்பி, கோபம் சரி, கணக்குப் பிழை.

இரண்டு வருத்தத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. நாடு முழுவதும் ஒரே வலை. காலியில் உள்ள பல்புக்கும் முல்லைத்தீவில் உள்ள பல்புக்கும் அதிர்வெண் ஒன்றுதான், 50 ஹேர்ட்ஸ். உற்பத்தி காணாவிட்டால் முதலில் விழுவது அந்த அதிர்வெண். அது ஓரளவு விழுந்தால் கட்டுப்பாட்டு நிலையத்தில் நீர்மின் மெசினைக் கூட்டுவார்கள், இன்னும் விழுந்து 48.75 அளவுக்குப் போனால் யாரும் கை வைக்காமலே றிலேக்கள் (தானே வெட்டுகிற சுவிச்சுகள்) படிப்படியாக ஃபீடர்களை, அதாவது ஊர்களுக்குப் போகிற லைன்களை, வெட்டிவிடும். அப்போது உங்களுக்கு முழு இருட்டு. மங்கல் இல்லை, இருட்டு. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணி நேரம் வெட்டினார்களே, அது உற்பத்திப் பிரச்சினை. நிலக்கரி, எண்ணெய் வாங்கக் காசு இல்லை, நீர்த்தேக்கத்திலும் தண்ணீர் இறங்கிவிட்டது.

170 என்று காட்டுவது வேறு. அது வோல்ற்றேஜ், அது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் மச்சான் கடையில் 225, உங்கள் வீட்டில் 170 என்றால் கொழும்புக்காரன் எடுக்கவில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் உள்ள கம்பிதான் எடுக்கிறது. சட்டப்படி 230இல் 6 சதவீதம் கூடலாம், குறையலாம், அதாவது 216க்குக் கீழே போகக்கூடாது.

கணக்கைப் பாருங்கோ. ஊருக்குள் வழக்கமாக நிற்பது 100 கேவிஏ றான்ஸ்போமர். 33,000 வோல்ற்றை 400 ஆக்குகிறது. அதில் இருந்து மூன்று பேஸ், அதாவது மூன்று கரண்ட் கம்பி வெளியே வரும், ஒரு பேசுக்கு ஏறக்குறைய 144 அம்பியர் கொடுக்கும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6, 7 அம்பியர் இழுக்கும். ஒரே பேசில் இருபது மோட்டர் ஒன்றாக ஓடினால் 130, 140 ஆகிவிட்டது, இன்னும் ஒரு பல்பும் எரியவில்லை. அதற்கு மேல் வீட்டு ஃபான், பிரிட்ஜ், இப்போது ஏசி. கம்பியில் ஓடுகிற அம்பியர் இரட்டித்தால் கம்பியில் தொலைகிற வோல்ற்றும் இரட்டிக்கும். றான்ஸ்போமருக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி இருப்பவனுக்குத்தான் ஃபான் எண்ணிச் சுற்றும்.

2009க்குப் பிறகு மீள்குடியேற்றத்தோடு லைன் இழுக்கும்போது நானும் நின்றவன். அப்போது ஒரு வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒரு ஃபான், போன் சார்ஜர். அதற்குக் கணக்குப் பார்த்துத்தான் கம்பியும் றான்ஸ்போமரும் போட்டது. இன்றைக்கு அதே கம்பியில் என்னவெல்லாம் தொங்குகிறது என்று வீட்டுக்கு வீடு பாருங்கோ.

மல்லாவி அக்கா:
லைன்மன் ஐயா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் மோட்டர் கூடினதற்குக் காரணம் ஆசை இல்லை, மண்ணெண்ணெய். 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ஆனது நினைவிருக்கும். அதற்கு முந்தி மிளகாய்க்கும் கச்சானுக்கும் மண்ணெண்ணெய் மெசினால்தான் இறைத்தோம். அந்த விலைக்குப் பிறகு மெசினைத் தறப்பாளால் மூடி வைத்துவிட்டு எல்லோரும் கரண்ட் மோட்டருக்கு மாறினோம். ஒரு தோட்டக்காரர் மாறினால் லைனுக்குத் தெரியாது, ஒரு கிராமமே மாறினால்? இது நடக்கும் என்று யாரும் முன்கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருப்பவருக்கு இந்தக் கதை புதிதில்லை: தலைப்பில் உள்ளவர் தாராளமாகப் பாய்ச்சுவார், வாலில் உள்ளவர் வரம்பில் குந்தியிருப்பார்.

கிளிநொச்சி சோலர்:
எனக்கு நேர் எதிரான தலையிடி. கூரையில் 5 கிலோவாற்று சோலர் போட்டிருக்கிறேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லைனில் 250க்கு மேல் ஏறி இன்வேட்டர் தானே நின்றுவிடும், அரை மணி நேரம் கழித்து வரும், திரும்ப நிற்கும். வெயில் கொளுத்துகிற நேரத்தில் என் பனல் சும்மா கிடக்கிறது. அதே லைனில் இரவு ஏழு மணிக்கு 185! ஒரே நாளில் ஒரே வீட்டில் இரண்டு கூத்து.

போதாததற்கு 2025 சித்திரை 13 முதல் 21 வரை பின்னேரம் 3 மணி வரைக்கும் சோலரை நிற்பாட்டச் சொல்லி அறிவித்தார்கள். கோடையில் கரண்ட் காணாது என்கிறவர்களே கரண்டைத் தராதே என்கிறார்கள். விளக்கம் சொல்லுங்கோ பார்ப்போம்.

நெடுங்கேணித் தம்பி:
பாணந்துறைக் குரங்கைக் கேட்டால் சொல்லும் 😄

பழைய லைன்மன்:
குரங்கை விட்டுவிடுங்கோ, பாவம். ஆனால் அந்த நாளை வைத்துத்தான் இது விளங்கும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கந்தோர், தொழிற்சாலை எல்லாம் பூட்டு, பாவனை குறைவு. நல்ல வெயில், கூரைச் சோலர் நிறைய வருகிறது. அப்படியென்றால் பெரிய சுழலும் மெசின்கள் குறைவாகத்தான் ஓடும். சுழலும் மெசினின் பாரம்தான் அதிர்வெண்ணைப் பிடித்து வைத்திருப்பது. எங்காவது ஒரு இடி விழுந்தால் சட்டென்று சரியாமல் சில செக்கன் அவகாசம் தருவது அதுதான். சோலரில் சுழல்வது ஒன்றும் இல்லை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பட்டதில் ஏற்பட்ட கோளாறு சாதாரண நாளில் அந்தப் பகுதியோடு முடிந்திருக்கும். அன்றைக்கு முழு நாடும் இருண்டது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று மெசினும் விழுந்தன, அவற்றைத் திரும்ப எழுப்ப நாட்கள் பிடித்தன, அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டும் வந்தது. சித்திரை வருடப்பிறப்புக் கிழமையிலும் இதே நிலைமைதான்: எல்லோரும் லீவு, வெயில் உச்சம். அதனால்தான் நிற்பாட்டச் சொன்னார்கள்.

இப்போது இரவைப் பாருங்கோ. எங்கள் நாட்டில் உச்சம் மத்தியானம் இல்லை, ஆறரை முதல் பத்தரை வரை. கட்டணத்திலும் அந்த நான்கு மணி நேரத்தைத்தான் உச்ச நேரம் என்று பிரித்திருக்கிறார்கள். நாடு முழுவதும் 2,700 மெகாவாற்றைத் தாண்டும். பின்னேரம் ஐந்துக்குச் சோலர் கெதியாக இறங்கிக்கொண்டிருக்கும், ஆறரைக்கு ஒன்றும் இல்லை, அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் லைட், ரீவி, ஃபான், ஏசி ஏறும். ஒன்று இறங்க மற்றது ஏற, அந்த இடைவெளியை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நிரப்பவேண்டும். நுரைச்சோலை 900 மெகாவாற்று, ஆனால் நிலக்கரி மெசின் நினைத்த மாதிரி ஏறி இறங்காது, அது ஒரே சீராக ஓடவேண்டிய சாமான். ஏறி இறங்கக்கூடியது தண்ணீர். விக்ரோறியா நீர்மின் நிலையம் 210 மெகாவாற்று, கொத்மலை 201, அந்த மெசின்களை நிமிடக் கணக்கில் கூட்டலாம் குறைக்கலாம். ஆனால் பங்குனி சித்திரையில் நீர்த்தேக்கங்கள் இறங்கியிருக்கும், அந்தத் தண்ணீர் விவசாயத்துக்கும் வேண்டும். ஆகவே பகலில் தண்ணீரைப் பொத்திப் பொத்தி வைத்து இரவுக்கு விடுவார்கள். அதுவும் காணாவிட்டால் களனிதிஸ்ஸ, சப்புகஸ்கந்த, கெரவலப்பிட்டி என்று எண்ணெய் மெசின். அதுதான் விலை கூடின கரண்ட். அதற்கும் மேலே போனால் பெரிய ஹோட்டல், தொழிற்சாலைக்காரரிடம் "உங்கள் ஜெனறேற்றரைப் போடுங்கோ, காசு தருகிறோம்" என்று கேட்பது. கடைசி ஆயுதம் வெட்டு. 2019 பங்குனியிலும் சுழற்சி முறையில் வெட்டியது நினைவிருக்கலாம்.

ரொறொன்ரோ வன்னியன்:
இதை வாசிக்க ஆச்சரியமாக இருக்கிறது. இங்கே ஒன்ராறியோவில் கோடை உச்சம் பகலில்தான். கோடை காலத்தில் வேலை நாட்களில் காலை 11 முதல் பின்னேரம் 5 வரை கூடின விலை. முழுக்க ஏசி. 2006 ஆகஸ்ட் 1 அன்று 27,005 மெகாவாற்று வரை போனது. அப்போதுதான் நான் வந்த புதிது, வெக்கையில் வன்னியை நினைத்தேன். இங்கே சோலர் உச்ச நேரத்தோடு ஓரளவு ஒத்துப்போகிறது, ஊரில் சோலர் தூங்கப் போன பிறகுதான் உச்சமே தொடங்குகிறது. அப்படியென்றால் பகல் கரண்டை இரவுக்கு எடுத்து வைக்கத்தானே வேண்டும்? பற்றரி போட யாரும் யோசிக்கவில்லையா?

பழைய லைன்மன்:
யோசிக்கிறார்கள். உபமின் நிலையங்களில் மொத்தம் 160 மெகாவாற்று, நான்கு மணி நேரம் தாங்கக்கூடிய பற்றரிக்கு 2025இல் கேள்விப்பத்திரம் கோரினார்கள். 2,700இல் 160 சின்னத் தொகை மாதிரித் தெரியும், ஆனால் உச்சத்தின் நுனியைச் சீவுவதற்கு அது பெரிய விஷயம், அந்த நுனிக்குத்தான் எண்ணெய் எரிகிறது. ஆனால் குளக்கட்டுத் தம்பியின் 170க்கு அது மருந்தில்லை. நாட்டின் பெரிய வலையில் எவ்வளவு பற்றரி வைத்தாலும் அவர் ஒழுங்கைக் கம்பி அதே கம்பிதான்.

அடம்பன்:
மன்னார்க் கதை வந்ததால் சொல்கிறேன். தம்பபவனி காற்றாலையில் 30 காற்றாடி, 103.5 மெகாவாற்று, 2020 மார்கழியில் திறந்தது. நல்ல திட்டம், ஆனால் சித்திரையில் வந்து பாருங்கோ, பாதி நாள் சும்மா நிற்கும். வாடை ஓய்ந்து சோளகம் (தென்மேல் காற்று) எழும்பும் வரைக்கும் காற்று இல்லை. வைகாசிக் கடைசியில் சோளகம் பிடித்தால் ஆனி, ஆடி, ஆவணி பிய்த்துக்கொண்டு சுற்றும். அதாவது வெக்கை உச்சத்தில் காற்றும் இல்லை, மலைநாட்டில் தண்ணீரும் இல்லை. "மன்னார்க் கரண்ட் கொழும்புக்குப் போகுது" என்கிற தம்பிக்கு: சித்திரையில் போவதற்கே இல்லை. மற்றது, எங்களுக்குக் காற்றாடியோடு வேறு பிரச்சினைகள் இருக்கு, மழை வெள்ளம் ஓடுகிற பாதை அடைபடுவது, வலசைப் பறவைகள் என்று. 2025இல் அதற்காகச் சனம் தெருவில் இறங்கியது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்கு வர இருந்த அதானியும் அந்த வருடம் பெப்ரவரியில் விலகிவிட்டது. அது தனி இழைக்குரிய கதை.

நெடுங்கேணித் தம்பி:
சரி, கொழும்பை விட்டுவிடுகிறேன். அப்படியென்றால் வன்னிக்கென்று ஒரு டீசல் மெசின் போட்டால் என்ன? தூரத்தில் இருந்து கொண்டு வரத் தேவையில்லை தானே.

கிளிநொச்சி சோலர்:
சுன்னாகம் டீசல் மின் நிலையத்துக்குப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை அதற்குள் மறந்தாச்சா? வன்னி நிலத்தடித் தண்ணீரில் அந்த விளையாட்டு வேண்டாம். ஏற்கெனவே சிறுநீரக வருத்தத்தோடு சனம் தண்ணீரை வாங்கிக் குடிக்கிறது.

பழைய லைன்மன்:
கிணற்றை விட்டுப் பார்த்தாலும் அது தேவையில்லை. அனுராதபுரத்தில் இருந்து வவுனியா, வவுனியாவில் இருந்து கிளிநொச்சி, அங்கிருந்து சுன்னாகம் என்று 132 கிலோவோல்ற்று லைன் இருக்கிறது. போரில் அறுந்து போன தொடர்பு 2013 அளவில்தான் திரும்ப முழுதாக வந்தது. அந்த லைன் வன்னியின் பாவனைக்குத் தாராளம். தள்ளாடுவது அதற்குக் கீழே. உபமின் நிலையத்தில் இருந்து 33 கிலோவோல்ற்றில் காட்டுக்குள்ளால் போகிற நீளமான லைன்கள், பரந்தன் முல்லைத்தீவு வீதி மட்டுமே 50 கிலோமீற்றருக்கு மேல். அங்கேயே கொஞ்சம் வோல்ற்றேஜ் தொலையும், அதற்குப் பிறகு ஊர் றான்ஸ்போமர், அதற்குப் பிறகு ஒழுங்கை. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வருவதுதான் 170.

றான்ஸ்போமரில் "ரப்" என்று ஒன்று இருக்கிறது, அதை ஒரு படி கூட்டினால் இரண்டரை சதவீதம் ஏறும். ஆனால் கரண்டை நிற்பாட்டிவிட்டுத்தான் கையால் மாற்றலாம், காலை ஒரு மாதிரி இரவு ஒரு மாதிரி வைக்க முடியாது. இரவுக்காகக் கூட்டினால் பகலில் சோலர்த் தம்பிக்கு 260. பகலுக்காகக் குறைத்தால் குளக்கட்டுக்கு 160. உங்கள் இரண்டு பேருடைய முறைப்பாட்டையும் ஒரே ஆள்தான் எடுத்து வாசிக்கவேண்டும்.

இந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று மோதவிட்டால் பாதி தீரும் என்பது என் எண்ணம். மத்தியானம் வோல்ற்றேஜ் கூட, சோலர் வீணாகிறது. இரவு மோட்டரால் வோல்ற்றேஜ் விழுகிறது. மோட்டரை மத்தியானத்துக்கு மாற்றுங்கோ. ஊருக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது.

மல்லாவி அக்கா:
ஐயா, கம்பியில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் தோட்டத்தை நான் சொல்கிறேன். மத்தியானம் பன்னிரண்டுக்கு மிளகாய்க்குத் தண்ணீர் விட்டால் பாதி ஆவியாகும், சூடான மண்ணில் கன்று வாடும். அடுத்தது, சித்திரையில் கிணறு இரவு முழுக்க ஊறினால்தான் விடிய இறைக்கத் தண்ணீர். விடிய இறைத்தால் பத்து மணிக்கு அடி தெரியும், திரும்பவும் பின்னேரம்தான் கொஞ்சம் ஊறும். நாங்கள் ஆறரைக்கு மோட்டர் போடுவது பழக்கதோஷத்தால் இல்லை. தொட்டி கட்டினவர்கள் மத்தியானம் தொட்டிக்கு ஏற்றி வைத்துப் பின்னேரம் குழாயைத் திறந்து விடலாம், அது உண்மை, எங்கள் பக்கம் வாழைக்காரர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார். ஆனால் தொட்டி கட்ட எவ்வளவு முடியும் என்று சீமெந்து விலை தெரிந்தவர்கள் சொல்லட்டும். கட்டணத்திலும் எங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. எந்த நேரம் போட்டாலும் வீட்டு மீற்றரில் ஒரே யூனிற்று விலைதான், நேரத்துக்கு நேரம் விலை என்பது மூன்று பேஸ் எடுத்தவர்களுக்குத்தான். பகலில் விலையைக் குறைத்துத் தரட்டும், தொட்டி தானே முளைக்கும்.

பழைய லைன்மன்:
கிணறு ஊறுகிற கதை நியாயமானது. அப்படியென்றால் விடிய ஐந்தரைக்கு முன்னுக்கு இறையுங்கோ, அந்த நேரம் லைன் வெறுமையாக இருக்கும். பின்னேரத்தில்தான் வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே தொடங்கி ஆறரைக்கு முடிக்கப் பாருங்கோ. ஒழுங்கையில் உள்ளவர்கள் பேசி ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வைத்தாலே வித்தியாசம் தெரியும். கட்டண விஷயத்தில் அக்காவோடு நிற்கிறேன்.

மோட்டர் ஏன் எரிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், கம்பி சுற்றுகிறவனுக்கே உழைத்துக் கொடுக்கிறோம். மோட்டரின் முறுக்கு வலு வோல்ற்றேஜின் வர்க்கத்துக்கு விழும். 230க்குப் பதிலாக 170 வந்தால் வலு கிட்டத்தட்டப் பாதி. தண்ணீரைத் தூக்க வலு காணாமல் உறுமிக்கொண்டு நிற்கும், நிற்கிற மோட்டர் ஓடுகிற மோட்டரைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும், சில நிமிடத்தில் உள்ளே வார்னிஷ் மணக்கும். அந்த இழுவையால் பக்கத்து வீட்டு வோல்ற்றேஜ் இன்னும் விழும், அங்கேயும் ஒன்று நிற்கும். குறைந்த வோல்ற்றேஜில் வெட்டுகிற றிலே ஒன்றைக் கட்டாயம் பூட்டுங்கோ, ஒருமுறை கம்பி சுற்றுகிற காசை விட மலிவு. மோட்டருக்கு ஓடும்போது பிடிக்கிற கப்பாசிற்றர் போட்டாலும் லைனில் இழுக்கிற அம்பியர் குறையும். ஆனால் தெரிந்தவரைக் கொண்டு பூட்டுங்கோ, யூரியூப் பார்த்து வேண்டாம்.

குளக்கட்டு:
இவ்வளவும் வாசித்த பிறகு, தெரிந்த எலக்ரீசியன் தம்பி ஒருவரைப் பிடித்தேன். எங்கள் ஒழுங்கை முகப்பு வரைதான் நான்கு கம்பி, மூன்று பேசும் கரண்ட் திரும்பிப் போகிற நியூற்றலும், உள்ளே வருவது இரண்டே கம்பி. அதாவது ஒழுங்கை முழுக்க ஒரே பேஸ். ஒழுங்கையில் மோட்டர் இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான். ஐயா சொன்ன கணக்கு அப்படியே எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. இப்போது என்ன கேட்பது? பெரிய றான்ஸ்போமரா?

பழைய லைன்மன்:
பெரிய றான்ஸ்போமர் கேட்காதீர்கள், தந்தாலும் பிரயோசனம் இல்லை, அது இருக்கிற இடத்தில்தான் இருக்கும், உங்கள் தூரம் குறையாது. இரண்டு விஷயம் கேளுங்கோ. ஒன்று, மூன்று பேசையும் ஒழுங்கைக்குள் இழுத்து வீடுகளைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி. இது செலவு குறைவு, கெதியில் நடக்கக்கூடியது. இரண்டாவது, 33 கிலோவோல்ற்று லைனை உள்ளே கொண்டு வந்து ஒழுங்கையின் நடுப்பகுதியில் சின்னதாக ஒரு புது றான்ஸ்போமர். அது வந்தால் இரண்டு பக்கத்துக்கும் தூரம் பாதியாகும்.

வெறும் "வோல்ற்றேஜ் இல்லை" என்று எழுதினால் பத்தோடு பதினொன்று. ஒரு கிழமைக்கு மத்தியானமும் இரவு ஏழரைக்கும் வோல்ற்றேஜை எழுதி, ஒழுங்கை முகப்பு வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரே நேரத்தில் எடுத்து, எத்தனை வீடு, எத்தனை மோட்டர், எத்தனை குதிரைவலு என்று சேர்த்து, மீற்றர் இலக்கங்களோடு எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுங்கோ. பிரதேச சபை உறுப்பினருக்கும் ஒரு பிரதி. அளவு எழுதின கடிதத்துக்கு அளந்துதான் பதில் சொல்லவேண்டும்.

இன்னொன்று, மீற்றரை 170இல் வைத்துப் பழகினவர்கள் திடீரென்று 300 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். நியூற்றல் கழன்றுவிட்டது என்று அர்த்தம். உடனே மெயின் சுவிச்சை விழுத்துங்கோ, இல்லாவிட்டால் ரீவியும் பிரிட்ஜும் போய்விடும்.

மல்லாவி அக்கா:
றான்ஸ்போமர் வைக்க இடம் முன்கூட்டியே பேசி வையுங்கோ தம்பி. எங்கள் பக்கம் ஒன்று அனுமதிக்கப்பட்டும் வருடக்கணக்கில் இழுபட்டது, யாருடைய வேலிக்கரையில் தூண் நடுவது என்ற சண்டையில். ஒருவர் பனை தறிக்க விடமாட்டேன் என்றார், மற்றவர் மகளுக்குச் சீதனக் காணி என்றார்.

குளக்கட்டு:
இடத்துக்குப் பிரச்சினை இல்லை அக்கா, சனசமூக நிலையக் காணி ஒழுங்கை நடுவில்தான் இருக்கிறது, தலைவர் சம்மதம். அளவு எழுத இன்று இரவு தொடங்குகிறோம். கடைசி வீட்டில் எழுத அந்த வீட்டுப் பெடியன் ஒத்துக்கொண்டான், ஏ.எல். படிக்கிறவன், பௌதிகவியலுக்கு உதவும் என்று நானே ஆசை காட்டினேன். முறை வைத்து இறைக்கிற கதைக்கு மட்டும் இன்னும் ஒருவரும் தலையாட்டவில்லை.

நெடுங்கேணித் தம்பி:
அந்தக் கடிதம் எழுதினால் மாதிரியை இங்கே போடுங்கோ அண்ணை. எங்கள் ஒழுங்கையும் இரண்டு கம்பிதான், இப்போதான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.